தரைப்பாலத்தில் வெள்ளம் ஓடும்போது வண்டியோட்டிகளைத் திருப்பி அனுப்புவது எப்படி?

கேள்வி: கொசஸ்தலைக் கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்துக்குக் கீழே, கொசஸ்தலை ஆற்றின் கரையில் இருக்கிறது. ஊரையும் நெடுஞ்சாலையையும் இணைப்பது ஒரு தரைப்பாலம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூண்டியின் மதகுகளைத் திறந்து உபரி நீரை வெளியேற்றத் தொடங்கினால், அந்தப் பாலத்தின் மேல் நீர் ஏறிவிடும். சில ஆண்டுகளில் ஓரிரு நாளில் வடிந்துவிடும். சில ஆண்டுகளில் வாரக்கணக்கில் நிற்கும். மேம்பாலம் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். அது வரும்போது வரட்டும்; என் கேள்வி அதைப் பற்றியதன்று.

நீர் ஓடும்போதும் மக்கள் கடக்கிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை. பால் கேன்களைக் கட்டிய இருசக்கர வண்டிகள், தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி வேன்கள், பள்ளிப் பிள்ளைகளை நெருக்கி உட்கார வைத்த ஆட்டோக்கள் என எல்லாமே போகின்றன. காவல்துறையினர் வந்து ஒரு தடுப்பை வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் யாரோ ஒருவர் இறங்கி அதை ஓரமாக நகர்த்திவிடுவார். எங்கள் இளைஞர் மன்றத்தினர் கரையில் நின்று எச்சரித்துப் பார்த்தோம். சிலர் சிரித்தார்கள், சிலர் சண்டைக்கு வந்தார்கள், சிலர் எங்களையே கைப்பேசியில் படம் எடுத்தார்கள். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று பதாகை எழுதிக் கட்டினோம். அதைப் படித்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "எனக்கு ஆழம் தெரியும், நீ தள்ளி நில் தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியை இறக்கினார்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஊத்தங்கரையில் வேன்களும் கார்களும் அடித்துச் செல்லப்பட்ட காணொளியை இங்கே பார்க்காதவர்கள் இல்லை. பார்த்துவிட்டுத்தான் கடக்கிறார்கள். எனவே அச்சமூட்டுவதால் பயன் விளையும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. எதைச் செய்தால் உண்மையில் திரும்புவார்கள்? "இவ்வளவு ஆழம் வரை போகலாம், அதற்கு மேல் கூடாது" என்று ஓர் அளவைச் சொன்னால் கேட்பார்களா? பாதையை நாங்களே அடைக்கச் சட்டத்தில் இடம் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.


மறுமொழி 1: மதகும் மண்ணும்

நான் நெடுஞ்சாலைப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளன். தம்பி, உங்கள் முயற்சியில் குறை காண்பதாக நினைக்க வேண்டாம். நீங்கள் நின்ற இடம் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. நீரின் விளிம்புக்கு வந்துவிட்டவன் முடிவை எடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது, பின்னால் இருப்பவன் ஒலிப்பானை அழுத்துகிறான், குறுகலான அணுகுசாலையில் வண்டியைத் திருப்ப இடமில்லை, திரும்பினால் நாலு பேர் முன்னால் கோழையாகத் தெரியவேண்டும். அந்த இடத்தில் நின்று எத்தனை நயமாகப் பேசினாலும் அது அவன் காதில் தடையாகத்தான் விழும். உங்கள் ஆட்களையும் பலகையையும் தடுப்பையும் நெடுஞ்சாலையிலிருந்து ஊர்ச்சாலை பிரிகிற முக்குக்கு மாற்றுங்கள். எதிர்க்கரையிலும் அப்படியே, சுற்றுப்பாதை தொடங்குகிற சந்திப்பில் நில்லுங்கள். அங்கே வண்டிக்காரனுக்கு எதையும் இழக்கவேண்டியதில்லை. இடப்பக்கம் போகவிருந்தவன் வலப்பக்கம் போகிறான், அவ்வளவுதான்.

பலகையில் "ஆபத்து" என்ற சொல்லை எழுதிப் பயனில்லை. நம் ஊர்களில் மின்மாற்றி முதல் மதுக்கடை வரை எல்லாவற்றிலும் அதை எழுதி வைத்து, அதற்கிருந்த கூர்மையை நாமே மழுக்கிவிட்டோம். "பாலத்தின் மேல் நீர் ஓடுகிறது. வழி இல்லை. அணைக்கட்டுப் பாலம் வழியாகச் செல்க, 14 கிலோமீட்டர்" என்பது போல, உங்கள் ஊருக்குப் பொருந்தும் உண்மையான வழியையும் தொலைவையும் எழுதுங்கள். தடுக்கப்படுகிறவன் முதலில் கேட்பது "அப்படியானால் எப்படிப் போவது?" என்பதைத்தான், பலகை அதற்குப் பதில் சொல்லவில்லை என்றால் அவன் நீரிடம் கேட்கப் போய்விடுவான்.

அடுத்து, ஆழத்துக்கு ஓர் அளவு சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டுநர்களுக்குச் சொல்லாதீர்கள் என்பதே என் கருத்து. "டயரில் பாதி மூழ்கும் வரை போகலாம்" என்ற ஒரு கணக்கு நம் சாலைகளில் நெடுங்காலமாக உலவுகிறது. தேங்கி நிற்கும் நீருக்கு வேண்டுமானால் அதில் கொஞ்சம் பொருள் உண்டு. ஓடும் நீரில் அது கொல்லும். ஏன் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். படித்த இளைஞர்களுக்கு இது ஓரளவு உறைக்கக் கூடும்.

ஒரு சிறிய காரின் எடை ஏறத்தாழ 900 கிலோ. தரைக்கும் காரின் அடித்தளத்துக்கும் இடையே உள்ள இடைவெளி 17 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அடித்தளத்தின் பரப்பை ஐந்து சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீர் அடித்தளத்தைத் தொட்ட பிறகு ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் வண்டியைச் சுமார் 50 கிலோ விசையுடன் மேலே தூக்குகிறது. அதாவது கெண்டைக்கால் அளவுக்கு, 27 சென்டிமீட்டர் நீரில் நிற்கும்போதே காரின் எடையில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். 35 சென்டிமீட்டரை எட்டும்போது, உள்ளே நீர் புகுவதற்கு முன், கார் ஏறக்குறைய மிதக்கிறது. டயர் சாலையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், பிடிப்பு இருக்காது. ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வேலை செய்வது அந்தப் பிடிப்பை நம்பித்தான்.

இதோடு பக்கவாட்டில் வரும் தள்ளலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தரைப்பாலத்தில் செல்லும் வண்டி தன் முழு நீளத்தையும் ஆற்றுக்குக் குறுக்கே காட்டிக்கொண்டு செல்கிறது. வினாடிக்கு ஒரு மீட்டர் என்பது நாம் மெல்ல நடக்கும் வேகம். அந்த வேகத்தில் 30 சென்டிமீட்டர் நீர் ஒரு காரின் பக்கத்தை ஏறத்தாழ 60 கிலோ விசையுடன் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்காகி 240 கிலோவை எட்டும். பாதி எடையை இழந்து, வண்டலும் பாசியும் படிந்த கான்கிரீட்டில் நிற்கும் கார் அதைத் தாங்காது. கரையில் நின்று பார்ப்பவருக்கு முழங்காலுக்குக் கீழான நீர் மட்டும்தான் தெரியும். அதன் வேகம் இரு மடங்காகி இருப்பதைக் கண்ணால் அளக்க யாராலும் முடியாது. நேற்று இதே ஆழத்தில் கடந்தேன் என்பதால் இன்றும் கடக்கலாம் என்று முடிவு செய்ய முடியாது.

உங்கள் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு ஆழம் தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை. போன மாதம் இருந்த பாலம் அவருக்குத் தெரியும். இப்போது நீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. வெள்ளத்தோடு வரும் ஆகாயத்தாமரையும் மரக்கிளைகளும் பாலத்துக்கு அடியில் நீர் போகும் குழாய்களை அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் நீர் மேலே ஏறி, மறுபக்கம் அருவி போல விழுந்து, விழும் இடத்தில் மண்ணைக் குடைந்துகொண்டே போகும். மேல்தளம் அப்படியே இருப்பது போலத் தோன்றும், அடியில் மண் இருக்காது. முதலில் உடைவது பெரும்பாலும் அணுகுசாலை பாலத்தைத் தொடும் இடம்தான், அதாவது வண்டி இறங்குகிற இடம். இந்தப் பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஓரத்தைக் காட்டும் கற்கள் மட்டுமே உண்டு. அவையும் மூழ்கிய பிறகு, சாலையின் நடு எது ஓரம் எது என்பது வெறும் நினைவுதான்.

பூண்டிக்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. வெள்ளம் வர உங்கள் ஊரில் மழை பெய்ய வேண்டியதில்லை. ஆந்திரத்தில் அம்மப்பள்ளி அணை திறந்தாலும், காவேரிப்பாக்கம் பக்கம் ஏரிகள் நிரம்பி வழிந்தாலும் கொசஸ்தலையில் நீர் வரும். பூண்டி அதை ஓரளவுதான் தாங்கும், அதன் முழு உயரம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. நிரம்பும் தறுவாயில் மதகைத் திறந்தே ஆகவேண்டும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும் நாளில் ஆறு ஏறுவதை நம் மக்கள் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் இதில் உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது: மேட்டூரிலிருந்து தஞ்சைக்கு வருவது போல இந்த நீரும் வருவதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. வினாடிக்கு எத்தனை கன அடி திறந்தார்கள், எத்தனை மணி நேரம் கழித்து உங்கள் பாலத்தில் ஏறியது என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இரண்டு மழைக்காலம் குறித்தால் போதும், திறப்பு அறிவிப்பு வந்தவுடன், நீர் வருவதற்கு முன்னரே, பாலம் காய்ந்திருக்கும்போதே அடைக்க உங்களால் முடியும். காய்ந்த பாலத்தில் தடுப்பு வைத்தால் முணுமுணுப்பார்கள். ஆனால் ஒருவர் கடந்துபோனதைக் காட்டி மற்றவர் கடக்கிற தொடர்ச்சி அங்கே தொடங்கவே தொடங்காது. முதல் ஆளைத் தடுப்பதுதான் எல்லாம்.

சட்டத்தைப் பற்றி: நீங்களாகப் பொதுச்சாலையை அடைக்க முடியாது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, 34ஆம் பிரிவின்படி பாதிக்கப்படக்கூடிய பகுதிகளில் வாகனப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு, அதாவது நடைமுறையில் ஆட்சியருக்கு உண்டு; அந்த ஆணையை மீறுவது 51ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. மழைக்காலம் தொடங்கும் முன்பே கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியருக்கு எழுதி, எந்த நிலையில் பாலம் மூடப்படும், யார் மூடுவார்கள், உங்கள் மன்றத்தினர் உதவிக்கு நிற்கலாமா என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.


மறுமொழி 2: ஸ்பேனர்

பொறியாளர் ஐயா எழுதியதற்கு மேல் எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நான் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவன். உயிர் போகும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஏனென்றால் உயிர் போவது எப்போதும் அடுத்தவனுக்கு என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். இன்ஜின் போகும் என்று சொன்னால் உடனே நிற்கிறார்கள். வருந்தத்தக்கதுதான், ஆனால் நான் கண்ட உண்மை இது.

காற்றுக்குழாய் வழியாக நீர் சிலிண்டருக்குள் புகுந்துவிட்டால், பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சில வண்டிகளில் இன்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். நீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பதுதான் பெரும்பாலும் இந்தச் சேதத்தை முழுமையாக்குகிறது. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு பைசா கிடைக்காது. முழுக் காப்பீடு வைத்திருந்தால் வெள்ளச் சேதம் அதில் அடங்கும். ஆனால் நீரில் ஓட்டியதாலோ மறுபடி ஸ்டார்ட் செய்ததாலோ இன்ஜின் போனால் அதைப் பின்விளைவுச் சேதம் என்று சொல்லித் தள்ளிவிடுவது வழக்கம். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் பேச முடியும். கம்பெனி வேன் உரிமையாளர்களிடம் இதை நேரில் சொல்லுங்கள். ஓட்டுநருக்கு அவர்கள் கைப்பேசியில் போடும் ஒரு கட்டளை உங்கள் பத்துப் பதாகைக்குச் சமம்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கியர் இல்லாத ஸ்கூட்டர் பெல்ட்டில் ஓடுகிறது. பெல்ட் அறைக்குள் நீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும். இன்ஜின் உறுமும், சக்கரம் சுற்றாது. அது நடப்பது கரையில் அன்று, ஆற்றின் நடுவில். மேலும் அதன் சிறிய சக்கரமும் அகலமான கால்வைக்கும் பலகையும் நீரின் தள்ளலை அப்படியே வாங்கிக்கொள்ளும். பெண்களும் பிள்ளைகளும் அதிகம் செல்வது அதில்தான் என்பதால் சொல்கிறேன்.


மறுமொழி 3: நடையோட்டி

நான் பேருந்து ஓட்டுநர். எந்தக் கழகம், எந்தப் பணிமனை என்று கேட்க வேண்டாம். மேலே உள்ள இரண்டு மறுமொழிகளையும் மதிப்போடு படித்தேன். ஆனால் இரண்டிலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. கடப்பவர்களைப் பற்றி, அவர்களுக்கு ஏதோ தெரியவில்லை, தெரிந்தால் நிற்பார்கள் என்ற எண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தேதான் கடக்கிறார்கள் ஐயா. காலை ஷிஃப்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் அரை நாள் கூலி போகும் என்றால், 14 கிலோமீட்டர் சுற்றுவதா ஆற்றில் இறங்குவதா என்ற கணக்கை அவர்கள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். கறந்த பால் குறித்த நேரத்துக்குள் சங்கத்துக்குப் போகாவிட்டால் திரிந்துபோகும், திரிந்த பாலை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவரிடம் கன அடிக் கணக்கையும் தள்ளல் கணக்கையும் சொல்வது அவரை அவமதிப்பதாகவே அவருக்குப் படும்.

என் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பாலத்துக்கு இப்பால் வண்டியை நிறுத்தினால், "போன வாரம் வந்த டிரைவர் போனாரே, உனக்கு மட்டும் என்ன?" என்று உள்ளே இருக்கும் ஐம்பது பேரும் கேட்பார்கள். நடை குறைந்தால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். மேலதிகாரி வாய்மொழியாக "பார்த்துப் போ" என்பார்; பார்த்துப் போனதில் ஏதாவது நடந்தால் அந்த வாய்மொழிக்குச் சாட்சி இருக்காது. அதே வேளையில், நான் கடந்தால் என்ன ஆகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பேருந்தே போகிறது என்று அதன் பின்னால் இருசக்கர வண்டிகள் வரிசையாக இறங்கும். என் இருக்கை உயரத்தில் எனக்கு நீர் குறைவாகத் தெரிகிறது. என் சக்கரம் கிளப்பும் அலை அவர்கள் இடுப்பளவுக்கு வந்து அடிக்கிறது.

அதனால் கொசஸ்தலைக் கரை நண்பருக்கு நான் சொல்வது இது. முக்கில் நிற்பது சரி, ஆனால் அதற்கு முன் நான்கு பேரைப் போய்ப் பாருங்கள்: பணிமனை மேலாளர், பால் சங்கச் செயலாளர், பள்ளித் தலைமையாசிரியர், வேன் அனுப்புகிற தொழிற்சாலையின் பணியாளர் பிரிவு. பாலம் மூடிய நாளில் அந்த ஊர்க்காரர்கள் தாமதமாக வந்தால் கூலி பிடிப்பதில்லை என்று தொழிற்சாலையும், அந்த நாள்களில் எதிர்க்கரைக்கு ஒரு சேகரிப்பு வண்டி வரும் என்று பால் சங்கமும், பேருந்து எந்த இடத்தோடு திரும்பும் என்று பணிமனையும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டால், உங்கள் முக்கில் தகராறு பாதியாகக் குறையும். சும்மா நில் என்று சொன்னால் யாரும் நிற்க மாட்டார்கள். நிற்பதால் நட்டம் இல்லை என்று ஆனால் நிற்பார்கள்.


மறுமொழி 4: பிரிஸ்பன் வாசி

நடையோட்டி அண்ணன் எழுதியதுதான் இந்தத் திரியில் முதன்மையானது என்று எனக்குப் படுகிறது. நான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கிறேன். இங்கும் ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த சாலைகள் ஏராளம், ஒவ்வொரு கோடைமழையிலும் மூழ்கும். "வெள்ளமா, மறந்துவிடு" என்ற பொருளில் ஒரு வாசகத்தை மாநில அரசு பல ஆண்டுகளாகப் பரப்பிவருகிறது. அமெரிக்காவிலும் "திரும்பிப் போ, மூழ்கிப் போகாதே" என்ற பொருளில் ஒன்று 2003 முதல் இருக்கிறது. இரண்டு நாடுகளிலும் வாசகம் எல்லோருக்கும் மனப்பாடம், ஆனாலும் கடப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் நாள்தோறும் அதே சாலையில் போய்வருகிற உள்ளூர்க்காரர்கள். உங்கள் பெரியவர் இங்கும் இருக்கிறார்.

பொறியாளர் ஐயாவின் கணக்கு சரியே என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வகத்தில் உண்மையான கார்களையே தொட்டியில் நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு டன்னுக்குச் சற்று அதிக எடையுள்ள டொயோட்டா யாரிஸ், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடிய 15 சென்டிமீட்டர் நீரிலேயே நகரத் தொடங்கியது. 60 சென்டிமீட்டரில் முழுவதும் மிதந்தது. இரண்டரை டன் எடையுள்ள நிசான் பேட்ரோல், மலைப்பாதைகளுக்கென்று செய்த பெரிய வண்டி, 45 சென்டிமீட்டரில் நிலைகுலைந்தது. 95 சென்டிமீட்டரில் மிதந்தபோது ஒரு மனிதர் கையால் தள்ளினார். பெரிய வண்டி வைத்திருப்பவர்களிடம் காட்ட வேண்டியது இந்தக் கடைசிச் செய்தியை. அவர்கள்தாம் முதலில் இறங்குகிறவர்கள்.

ஐயாவிடம் ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். இங்கே மூழ்கும் சாலைகள் பலவற்றில் அளவு குறித்த கம்பம் நட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து "கொஞ்சம்தானே" என்று கடப்பவர்களும் உண்டு என்பது உண்மை. ஆனால் கம்பம் இல்லாவிட்டால் மூடுவதற்கும் திறப்பதற்கும் ஆதாரம் வெறும் வாய்ப்பேச்சாகிவிடும். கம்பத்தை நடுங்கள், எண்களை ஓட்டுநருக்காக எழுத வேண்டாம், ஆற்று நீர் பாலத்தைத் தொடும் மட்டத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடு போதும். கோடு மறைந்தால் பாதை இல்லை, அதில் பேரம் இல்லை.


மறுமொழி 5: கொசஸ்தலைக் கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பால் சங்கத்திலும் பள்ளியிலும் பேசுவது எளிது. இரண்டிலும் எங்கள் ஊர்க்காரர்களே இருக்கிறார்கள். தொழிற்சாலைக்கு ஊராட்சித் தலைவரின் கையொப்பத்தோடு கடிதம் எழுதலாம் என்று இருக்கிறோம். ஒரே கோடு என்ற யோசனையும் மன்றத்தில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் உள்ளன. முதலாவது, இரவு. முக்கில் இரவு முழுவதும் நிற்க எங்களால் இயலாது, நிற்பதும் ஆபத்து. இரண்டாவது, நீர் இறங்கும் நேரம். ஏறும்போது அடைப்பதற்குக்கூட ஒப்புக்கொள்வார்கள். கோடு மறுபடி தெரியத் தொடங்கியதும் ஒருவரையும் நிறுத்த முடியாது என்று அஞ்சுகிறேன்.


மறுமொழி 6: மதகும் மண்ணும்

பிரிஸ்பன் நண்பரின் சிவப்புக் கோட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் எதிர்ப்பு எண்களுக்குத்தான், கம்பத்துக்கு அன்று. நடையோட்டி சொன்ன நட்டக் கணக்கும் சரியே. நாங்கள் பொறியாளர்கள் பாலத்தைப் பார்த்த அளவுக்குப் பாலத்தில் போகிறவனைப் பார்க்கவில்லை.

இரவுக்கு நகர்த்தக் கூடிய இரும்புத் தடுப்பு உதவாது. முக்கில் இரு பக்கமும் கல்தூண் நட்டு, குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டும் ஏற்பாட்டை ஊராட்சி வழியாக நெடுஞ்சாலைத் துறையிடம் கேளுங்கள், பெரிய செலவில்லை. சாவி ஒன்று காவல் நிலையத்திலும் ஒன்று கிராம நிர்வாக அலுவலரிடமும் இருக்கட்டும். உங்களிடம் வேண்டாம், இரவு பன்னிரண்டு மணிக்கு உறவுக்காரர் வந்து கதவைத் தட்டினால் உங்களால் மறுக்க முடியாது. சங்கிலியில் ஒளிரும் பட்டை ஒட்ட மறக்காதீர்கள். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளநீரின் மேற்பரப்பு நனைந்த தார்ச்சாலையைப் போலவே பளபளக்கும். வெளியூர் ஓட்டுநர் நீருக்குள் சக்கரம் இறங்கிய பிறகே அதை உணர்வார். ரயில்வே சுரங்கப்பாதைகளிலும் இதே சிக்கல்தான். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் அருகே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். அங்கே ஆறும் இல்லை, வெள்ளப்பெருக்கும் இல்லை.

அதனால் எல்லாத் தடுப்பையும் மீறி ஒருவர் இறங்கி வண்டி நின்றுவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதையும் உங்கள் பள்ளிப் பேச்சில் சொல்லிவிடுங்கள். வண்டியைக் காப்பாற்ற நினைக்கக் கூடாது. மின்சாரம் நிற்பதற்கு முன் கண்ணாடிகளை இறக்கி, இருக்கைப் பட்டையை அவிழ்த்து, பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பி, சன்னல் வழியாக வெளியேறிவிட வேண்டும். வெளியே நீர் உயர்ந்துவிட்டால் கதவைத் தள்ளித் திறக்க வலிமையான ஆளாலும் முடியாது. அழைக்க வேண்டிய எண் 112.

நீர் இறங்கிய பிறகு எப்போது திறப்பது என்பதே நீங்கள் கேட்டவற்றில் கடினமானது. கோடு தெரிந்ததும் திறக்கக் கூடாது. முதலில் நீர் பாலத்தின் மேல்தளத்தை விட்டு முழுவதும் இறங்க வேண்டும். பிறகு துறைப் பொறியாளரோ சாலை ஆய்வாளரோ வந்து, கீழ்ப்பக்க விளிம்பு நெடுகக் கம்பியால் குத்திப் பார்த்து, அணுகுசாலையில் அடியில் வெற்றிடம் இருப்பது போன்ற ஓசை வருகிறதா என்று பார்த்து, குழாய்களில் சிக்கிய குப்பையையும் மேலே படிந்த வண்டலையும் எடுக்கச் சொல்ல வேண்டும். வண்டலின் மேல் இருசக்கர வண்டி வழுக்குவது வெள்ளத்தில் வழுக்குவதைவிடக் குறைவில்லை. அதன் பின் முதல் ஒரு நாள் நடப்பவர்களும் இருசக்கர வண்டிகளும், அடுத்த நாள் கார்களும், மணல் லாரியும் பேருந்தும் எல்லாவற்றுக்கும் கடைசியாக, பொறியாளர் எழுத்தில் தந்த பிறகு. வட்டாட்சியருக்கு எழுதும் கடிதத்தில் மூடுவதைப் பற்றி ஒரு பத்தி எழுதினால், திறப்பதைப் பற்றி இரண்டு பத்தி எழுதுங்கள்.